பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு கூடாரம்: கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் செல்லும் குடும்பங்களுக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது. கணவன், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என நால்வர், ஜூலை மூன்றாவது வாரத்தில் டென்வரிலிருந்து காரில் கிளம்பி, வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்களை ஐந்து நாள்களில் பார்த்துவர நினைக்கிறார்கள். பூங்காக்களுக்குள் இருக்கும் முகாம் மைதானங்கள் நிரம்பிவிட்டன. ஜாக்சன் நகரத்து விடுதி வாடகை கட்டுப்படியாகவில்லை. பூங்காவுக்கு வெளியே காட்டில் காசு கொடுக்காமல் கூடாரம் அடிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சட்டப்படி சரியா, பிள்ளைகளோடு போகலாமா, எங்கே, எப்படி என்பது கேள்வி.

சட்டப்படி சரிதான். பிள்ளைகளோடும் போகலாம்; நான் பல கோடைகளில் அப்படிப் போயிருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று சொல்லப்படும் இந்தக் காட்டு முகாமை, பூங்காவில் இடம் கிடைக்காதவர்களுக்கான மலிவான மாற்றாகப் பார்க்கக் கூடாது. அங்கே குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, மேசை இல்லை, இரவில் ஒருமுறை சுற்றிவரும் பொறுப்பாளரும் பெரும்பாலும் இல்லை. முகாம் மைதானத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரோ செய்யும் வேலைகள் அத்தனையையும் இங்கே நாமே செய்ய வேண்டும். அதற்கான பொருள்களும் பழக்கமும் இருந்தால் இதைவிட நல்ல இரவு வேறெங்கும் கிடைக்காது. வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கூடாரம் அடிக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டுக்கு அருகே உள்ள ஏதேனும் ஒரு முகாம் மைதானத்தில் இரண்டு இரவுகளாவது தங்கிப் பார்த்துவிட்டு அதன்பின் இதற்கு வாருங்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் கண்ணுக்கு ஒரே மலை, ஒரே காடாகத் தெரிவது உண்மையில் வெவ்வேறு துறைகளின் நிலம். தேசியப் பூங்காக்களைக் கவனிப்பது உள்துறையின் கீழ் 1916-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காச் சேவை. அவற்றைச் சுற்றியுள்ள தேசிய வனங்களைக் கவனிப்பது 1905-இல் அமைக்கப்பட்ட வனச் சேவை. அது வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது. இவை போதாதென்று, புல்வெளிகளையும் வறண்ட நிலங்களையும் பார்த்துக்கொள்ள 1946 முதல் நில மேலாண்மைச் செயலகம் என்ற மூன்றாவது அமைப்பும் இருக்கிறது. பூங்காவின் நோக்கம் நிலத்தை அப்படியே காப்பாற்றுவது. வனத்தின் நோக்கம் பலவகைப் பயன்பாடு; 1960-இல் வந்த ஒரு சட்டம் மரம், மேய்ச்சல், நீர், காட்டுயிர், பொழுதுபோக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த நிலத்தில் இடமுண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால்தான் பூங்கா எல்லையைத் தாண்டிய சில நிமிடங்களில் சாலையின் நடுவே மாடுகள் நிற்பதைப் பார்க்கிறோம். கூடாரம் அடிக்கும் உரிமையும் இதிலிருந்து வருவதே. பூங்காவுக்குள், அனுமதிக்கப்பட்ட இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் தங்குவது தடை. வனத்திலோ, தடை செய்யப்பட்ட இடம் தவிர மற்ற இடங்களில் பொதுவாகத் தங்கலாம். விதி தலைகீழாகும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொள்வதே முதல் வேலை.

கிராண்ட் டீட்டனில் அந்தக் கோடு பலரை ஏமாற்றுகிறது. மலையும் அதன் அடிவாரமும்தான் பூங்கா, சமவெளி பூங்கா அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1929-இல் பூங்கா தொடங்கியபோது அது ஏறத்தாழ உண்மை. மலைத்தொடரும் அதன் காலடியில் உள்ள ஏரிகளும் மட்டுமே அதில் இருந்தன. 1950-இல் பள்ளத்தாக்கின் தரையும் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய மரக் களஞ்சியங்கள் நிற்கும் ஆன்டலோப் பிளாட்ஸ் சமவெளி, சேஜ் புதர் மட்டும் படர்ந்து வெட்டவெளியாகக் கிடந்தாலும், பூங்காதான். அங்கே சாலையோர வாகன நிறுத்தத்தில் காருக்குள் தூங்குவதும் தடை. நள்ளிரவில் ரேஞ்சர் என்ற பூங்காக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினால், தூங்கும் பிள்ளைகளோடு வேறு இடம் தேடி அலைய வேண்டியதுதான். ஜாக்சன் நகரத்துக்கு வடக்கே பரந்து கிடக்கும், எல்க் என்ற பெரிய மான்களுக்கான தேசிய எல்க் புகலிடத்திலும் தங்க முடியாது. இடையிடையே தனியார் பண்ணைகளும் உண்டு. கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது.

அதனால் வரைபடம் வேண்டும். ஒவ்வொரு தேசிய வனமும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் என்ற ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. கறுப்பு வெள்ளையில், மலையும் தெரியாமல் மரமும் தெரியாமல், பார்க்க எந்த அழகும் இல்லாத தாள் அது. ஆனால் எந்தக் காட்டுச் சாலையில் வண்டி போகலாம், எந்தெந்த மாதங்களில் போகலாம், எந்தச் சாலையின் ஓரத்தில் வண்டியை இறக்கி முகாமிடலாம் என்ற மூன்றுக்கும் சட்டப்படி அந்தத் தாள்தான் ஆதாரம். முகாமிட அனுமதியுள்ள சாலைகளின் இருபுறமும் புள்ளிகள் போட்டிருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே இறங்கலாம் என்பது விளக்கப் பட்டியலில் எழுதியிருக்கும். அவென்சா என்ற செயலியில் இந்த வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால், கைபேசிக்கு அலைவரிசை இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் இடம் அதன்மேல் நீலப் புள்ளியாகத் தெரியும். பயணிகளே இடங்களைக் குறித்துவைக்கும் செயலிகளும் பல உள்ளன. அவை துப்புக்கு மட்டுமே உதவும். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ தங்கிய இடம் இன்று மூடப்பட்டிருக்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த வட்டத்தின் ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சாலை திறந்திருக்கிறதா, நெருப்புத் தடை இருக்கிறதா, கரடிக்கு எட்டாமல் உணவை வைக்கச் சொல்லும் உணவுச் சேமிப்பு ஆணை என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு அழைப்பு எந்தச் செயலியையும்விடப் பயனுள்ளது.

இனி இடங்கள். கிராண்ட் டீட்டனின் கிழக்கிலும் தெற்கிலும் இருப்பது பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனம். அதில் ஷேடோ மவுண்டன் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆன்டலோப் பிளாட்ஸ் சமவெளியைக் கடந்ததும் பூங்கா முடிந்து, சாலை மண் பாதையாகி, ஆஸ்பென் மரங்களுக்கிடையே ஏறத் தொடங்கும். மேலே சென்று திரும்பிப் பார்த்தால் 13,775 அடி உயரமுள்ள கிராண்ட் டீட்டன் சிகரமும் அதன் துணைச் சிகரங்களும் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரே வரிசையில் நிற்கும். அதிகாலையில் முதல் வெளிச்சம் சிகர நுனியில் மட்டும் செம்மையாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி வருவதைக் கூடார வாசலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதே பகுதியில் சற்று வடக்கே அப்பர் டீட்டன் வியூ, ஸ்பிரெட் கிரீக் ஆகியவையும், ஜாக்சனுக்கு அருகே எல்க் புகலிடத்தின் வழியாக ஏறும் கர்டிஸ் கேன்யனும் உள்ளன. ஷேடோ மவுண்டனின் மேல்பகுதிச் சாலை செங்குத்தானது, குறுகலானது, மழை பெய்தால் ஆழமான சக்கரத் தடங்கள் விழுவது. இழுவை வண்டியோடு அதில் ஏறக் கூடாது. வாடகைக் காராக இருந்தால் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும்.

பொதுவாகத் தேசிய வனங்களில் ஒரே இடத்தில் 14 அல்லது 16 நாள்வரை தங்கலாம். ஆனால் ஜாக்சனைச் சுற்றியுள்ள நெரிசலான பகுதிகளில் மே 1 முதல் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரை ஐந்து நாள்தான். அதுமட்டுமல்ல, ‘எங்கு வேண்டுமானாலும்’ என்பதும் அங்கே இப்போது இல்லை. எண் எழுதிய கம்பம் நட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே இடம். இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2020-இல் விடுதிகளுக்குப் போகத் தயங்கிய கூட்டமெல்லாம் காட்டை நோக்கித் திரும்பியது. ஓர் இடம் நிரம்பினால் பக்கத்துப் புல்லை மிதித்து அடுத்தவர் ஓர் இடத்தை உண்டாக்கினார். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர். உயரமான இந்த மண்ணில் கோடை என்பதே மூன்று மாதம்தான். நாலு சக்கரம் ஏறி இறங்கிய சேஜ் புதர் மறுபடி தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். கம்பம் நட்டது அந்தப் பரவலை நிறுத்துவதற்காக. அதனால் கம்பம் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே ஏற்கெனவே சக்கரத் தடம் தெரிந்தாலும், வண்டியை இறக்காதீர்கள்.

இடம் கிடைக்க வேண்டுமானால் முற்பகலில் போக வேண்டும். நான் முதல் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஷேடோ மவுண்டன் ஏறினேன். ஒவ்வொரு கம்பத்தின் அருகிலும் ஒரு வண்டி நின்றது. உச்சிவரை போய், திரும்ப இடமில்லாமல் பின்னோக்கி ஓட்டி, இருட்டிய பிறகு கீழே இறங்கினோம். பின் இருக்கையில் என் மகள் பசியில் அழுதுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஞாயிறு முதல் புதன் வரையிலான நாள்களில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போவதென்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரவு தங்கியவர்கள் கிளம்பும் நேரம் அது. டென்வரிலிருந்து ஒரே நாளில் ஓட்டிவந்து மாலையில் இடம் தேடுவது வேண்டவே வேண்டாம். முதல் இரவை வழியிலுள்ள ஏதேனும் சிறு நகரத்து விடுதியில் கழித்துவிட்டு, மறுநாள் காலை வந்து சேருங்கள். அந்த ஒரு நாள் வாடகை வீண் செலவல்ல.

யெல்லோஸ்டோனுக்கும் இதே இடத்திலிருந்து போய்வரலாம் என்று நினைத்தால் தூரத்தைக் கணக்கிடுங்கள். ஷேடோ மவுண்டனிலிருந்து ஓல்ட் பெய்த்புல் வெந்நீரூற்றுக்கு ஒருவழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. யெல்லோஸ்டோனுக்குள் எட்டு வடிவில் ஓடும் பெருஞ்சுற்றுச் சாலை மட்டும் 142 மைல். ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதிக்கு யெல்லோஸ்டோனுக்கு அருகே தங்குவது நல்லது. மேற்கு வாசலுக்கு வெளியே கஸ்டர் கேலடின், கரிபூ-டார்கி ஆகிய தேசிய வனங்களும், கிழக்கு வாசலுக்கு வெளியே ஷோஷோனி தேசிய வனமும் உள்ளன. ஷோஷோனி நிலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாட்டிலேயே முதன்முதலாக வனக் காப்பு நிலமாக 1891-இல் ஒதுக்கப்பட்டது அதன் ஒரு பகுதிதான். இந்த வனங்களில் வனச் சேவை நடத்தும் கட்டண முகாம் மைதானங்களும் இருக்கின்றன. கழிப்பறையும், பல இடங்களில் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியும் அவற்றில் உண்டு. கட்டணமும் விடுதி வாடகையோடு ஒப்பிட மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு யெல்லோஸ்டோன் பக்கம் நான் பரிந்துரைப்பது அவற்றைத்தான்.

காரணம் கரடி. கருங்கரடி மட்டுமல்ல, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் வாழும் நிலம் இது. 1975-இல் அழிவை எதிர்நோக்கும் விலங்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதன்பின் மெல்ல மெல்லப் பெருகி, இப்போது யெல்லோஸ்டோனைச் சுற்றிய நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் கிரிஸ்லிகள் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பூங்கா எல்லை அவற்றுக்குத் தெரியாது. யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசலுக்கு வெளியே குக் சிட்டி அருகிலுள்ள சோடா பியூட் முகாம் மைதானத்தில் 2010 ஜூலையில் ஒரு கிரிஸ்லி கூடாரங்களில் தூங்கியவர்களைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். அதன்பின் அங்கே துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை, கெட்டியான சுவருள்ள வண்டிகளில்தான் தூங்க வேண்டும் என்ற விதி வந்தது. இப்படிப்பட்ட தாக்குதல் மிக அரிது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; உணவுச் சேமிப்பு ஆணை என்பது ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதை மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஆணையின் சாரம் எளிது. சமைக்காத நேரத்திலும் சாப்பிடாத நேரத்திலும், மணமுள்ள எந்தப் பொருளும் வெளியே இருக்கக் கூடாது. கதவும் கண்ணாடியும் பூட்டிய காருக்குள் வைக்கலாம்; கரடி திறக்க முடியாது என்று சான்றளிக்கப்பட்ட பெட்டியில் வைக்கலாம்; அல்லது தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளி, கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு முதல் வழியே போதும். ஐஸ் பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதை வெளியே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சான்று பெற்ற பெட்டிகளிலும் பல, துளைகளில் பூட்டுப் போட்டிருந்தால்தான் அந்தச் சான்றுக்குத் தகுதியானவை.

நம் வீடுகளிலிருந்து போகிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நாம் கட்டிக்கொண்டு போகும் உணவு பெரும்பாலும் மணம் மிகுந்தது. புளியோதரைப் பாத்திரத்தின் அடியில் தங்கும் நல்லெண்ணெய், இட்லிப் பொடி டப்பாவின் மூடி, ஊறுகாய் பாட்டிலின் வாய், சாம்பார் சிந்திய அடுப்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு விலங்குக்கு அழைப்பு. கருவாடும் மீன் வறுவலும் காட்டு முகாமில் கூடவே கூடாது; அந்த வாசனை உடுத்திய துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். சமைக்கும் இடம் தூங்கும் இடத்திலிருந்து நூறு கஜம் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கரடி நிலத்தின் வழக்கம். எண் போட்ட நெருக்கமான இடங்களில் அவ்வளவு தூரம் கிடைக்காவிட்டால், மாலை ஐந்து மணிக்கே சமைத்துச் சாப்பிட்டு, எல்லாவற்றையும் கழுவிக் காருக்குள் பூட்டிவிட்டு, சமைத்தபோது போட்டிருந்த துணியையும் மாற்றி உள்ளே வைத்துவிடுங்கள். பற்பசை, வெயில் தைலம், உதட்டுக் களிம்பு, ஈரத்தாள் எல்லாம் உணவின் கணக்கில்தான் சேரும். பிள்ளைகளின் சட்டைப் பைகளைக் கூடாரத்துக்குள் போகுமுன் ஒருமுறை துழாவிப் பாருங்கள். என் மகனின் தூக்கப் பையின் அடியிலிருந்து ஒருமுறை பாதி தின்ற கடலை மிட்டாய் கிடைத்தது. அவன் அதை மறுநாள் காலைக்கென்று பத்திரப்படுத்தியிருந்தான்.

கரடியை விரட்டும் காரமான கரடித் தெளிப்பானை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். பையின் அடியில் போட்டு வைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்றாலும் நீங்கள் காரில் போவதால் அந்தச் சிக்கல் இல்லை. அது கரடியின் முகத்தை நோக்கி, ஏறத்தாழ 30 அடி நெருங்கும்போது அடிக்க வேண்டியது. கொசு மருந்தைப்போல உடம்பிலோ கூடாரத்திலோ தெளித்தால் அந்த வாசனையே கரடியை இழுக்கும். மனிதர் விட்டுச்சென்ற உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப அங்கே வரும். அப்படிப் பழகிய கரடியைப் பெரும்பாலும் கடைசியில் அதிகாரிகள் கொன்றுவிடுகிறார்கள். நாம் மறந்து விட்டுவந்த ஒரு பாத்திரம் அதற்குத் தொடக்கமாக இருந்துவிடக் கூடாது என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு இரவும் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று பார்த்துவிட்டே படுப்பேன்.

தண்ணீரை நாம்தான் கொண்டுபோக வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு கேலன் என்று வைத்தால், நால்வருக்கு மூன்று நாளைக்கு 12 கேலன், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர். மூஸ் என்ற இடத்திலுள்ள பூங்காப் பார்வையாளர் மையத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஓடை நீர் கண்ணாடிபோல் இருந்தாலும் அதில் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கக்கூடும். வடிகட்டியே குடிக்க வேண்டும், அல்லது கொதிக்க வைக்க வேண்டும். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். அதனாலேயே அங்கே திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும். பருப்பு வேக இன்னும் நேரமாகும். நம் சிறிய குக்கர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; எரிவாயுவும் மிச்சம், அரை மணி நேரமும் மிச்சம். பாத்திரம் கழுவிய நீரைச் சல்லடையில் வடித்து, தங்கிய பருக்கைகளைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு, நீரை மட்டும் ஓடையிலிருந்து 200 அடி தள்ளி வீசித் தெளிக்க வேண்டும். ஓடையில் இறங்கிச் சோப்புப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் இந்த இடங்கள் மூடப்படுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று அதுதான். ஒரு சிறு கைம்மண்வெட்டி வேண்டும். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் நடையில் எழுபது எட்டு தள்ளிப்போய், ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, பின் அதே மண்ணால் மூட வேண்டும். காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டித் திருப்பி எடுத்துவர வேண்டும். தண்ணீரால் கழுவும் நம் பழக்கம் இங்கே நமக்கு உதவுகிறது: ஒரு பாட்டில் தண்ணீர் போதும், எடுத்துவரக் காகிதமே இருக்காது. பிள்ளைகளுக்கு மடக்கு இருக்கையும் இறுக மூடும் பைகளும் கடையில் கிடைக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வசதி. குளிக்க வேண்டுமானால் பூங்காவுக்குள் கோல்ட்டர் பே பகுதியில் கட்டணக் குளியலறையும் துணி துவைக்கும் இடமும் உண்டு.

நெருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜூலை நடுவில் காடு காய்ந்துவிடும். நிலைமையைப் பொறுத்து வனச் சேவை படிப்படியாகத் தடை விதிக்கும். முதல் படியிலேயே, அமைக்கப்பட்ட முகாம் மைதானத்துக்கு வெளியே விறகு நெருப்பு மூட்டுவது நின்றுபோகும். அப்போதும் திருகினால் அணையும் எரிவாயு அடுப்பில் பெரும்பாலும் சமைக்கலாம். எனவே சமையலுக்கு விறகை நம்பிப் போகக் கூடாது. தடை இல்லாத நாளிலும், ஏற்கெனவே இருக்கும் கல் வளையத்தில் மட்டும் மூட்டுங்கள். புதிதாக ஒன்று உண்டாக்க வேண்டாம். விறகை டென்வரிலிருந்து ஏற்றிவராமல் உள்ளூரிலேயே வாங்குங்கள். மரங்களை அழிக்கும் பூச்சிகள் விறகோடு சேர்ந்து மாநிலம் தாண்டிப் போகின்றன.

மூட்டுவதைவிட அணைப்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. ஒரு காலை ஆறு மணிக்கு, ஓரிரவுக்கு முன் யாரோ காலிசெய்துவிட்டுப் போன பக்கத்து இடத்திலிருந்து மெல்லிய புகைவாசம் வந்தது. போய்ப் பார்த்தால் கல் வளையத்துக்குள் வெளிறிய சாம்பல்தான் தெரிந்தது. மேலே கையை நீட்டியபோது லேசான சூடு மட்டும் இருந்தது. கைம்மண்வெட்டியால் நாலு விரல் ஆழம் தோண்டியதும் சிவந்த கங்குகள் தெரிந்தன. ஒன்று வளையத்துக்கு வெளியே போகும் வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கேலன் தண்ணீர் ஊற்றினோம். சீறிவிட்டு மறுபடி புகைந்தது. கிளறினோம், இன்னொரு கேலன் ஊற்றினோம், மறுபடி கிளறினோம். மூன்றாவது கேலனுக்குப் பிறகுதான் சேற்றைக் கையால் பிசைந்து பார்க்கும்போது எங்கும் சூடு இல்லை. அன்று பகல் காற்று பலமாக வீசியது. அதற்குப் பிறகு, நெருப்புக்கென்றே மூன்று கேலன் தண்ணீரைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் நான் விறகைத் தொடுவதில்லை. ஊற்றி, கிளறி, கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த சேறாக இருந்தால்தான் அது அணைந்தது. மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளே உயிரோடு கிடக்கும்.

ஜூலையிலும் இரவில் குளிர் 4, 5 டிகிரிவரை இறங்கும். பகலில் அரைக்கைச் சட்டையோடு இருந்த பிள்ளைகளுக்கு இரவில் கம்பளித் தொப்பி வேண்டியிருக்கும். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் திறந்த மேட்டை விட்டுக் காருக்குள் போய்விடுங்கள். கைபேசி அலைவரிசையை நம்பாமல், எங்கே தங்கியிருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டு மேலே ஏறுங்கள்.

இங்கே சொன்னவற்றை வேறு மலைப் பூங்காவுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் பூட்டிய கார் கூட உணவுக்குப் பாதுகாப்பல்ல; அங்குள்ள கருங்கரடிகள் கார்க் கதவைப் பிய்த்துப் பழகியவை என்பதால் இரவில் காருக்குள் உணவு வைப்பதே தடை. மான்டனாவின் கிளேசியர் பூங்காவுக்கு மேற்கே பிளாட்ஹெட் தேசிய வனம் இருக்கிறது; கிழக்கேயோ பிளாக்ஃபீட் மக்களின் நிலம். பொது நிலம் என்று நினைத்து அங்கே கூடாரம் அடிப்பது, ஒருவர் வீட்டு முற்றத்தில் கேட்காமல் படுப்பதைப் போன்றது. அவர்களுடைய அனுமதி பெற வேண்டும். கொலராடோவின் ராக்கி மவுண்டன் பூங்காவைச் சுற்றி, எஸ்டிஸ் பார்க் நகரத்தருகே, இலவச இடங்கள் குறைவு. கோடை வாரக் கடைசியில் அவற்றை நம்பிப் போவது சரிவராது.

உங்கள் ஐந்து நாளை நானாக இருந்தால் இப்படி அமைப்பேன். முதல் இரவு வழியில் விடுதி. இரண்டாம் நாள் முற்பகலில் ஷேடோ மவுண்டன் அடிவாரப் பகுதி. அங்கே இரண்டு இரவு, டீட்டன் ஏரிகளைப் பார்க்க. நான்காவது இரவுக்கு யெல்லோஸ்டோன் மேற்கு வாசலுக்கு வெளியே வனச் சேவையின் கட்டண முகாம் மைதானம். இப்போதே முன்பதிவுக்கு முயன்று, கிடைக்காவிட்டால் ரத்தாகும் இடங்களுக்காகத் தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். பூங்காவுக்குள் இருக்கும் இடங்களும் கடைசி வாரத்தில் இப்படித் திரும்பக் கிடைப்பதுண்டு. அடிவாரத்தில் பதினொரு மணிக்குள் கம்பம் எதுவும் காலியில்லையென்றால் மேலே ஏறி நேரத்தை வீணாக்காமல், வடகிழக்கே டோகட்டி கணவாய்ச் சாலை வழியே போய் வனத்தில் இடம் தேடுங்கள். டீட்டன் சிகரங்கள் சற்றுத் தள்ளித் தெரியும், கூட்டம் குறையும். ஆனால் அது கிரிஸ்லிகள் அதிகம் நடமாடும் பக்கம், அதனால் அன்றைக்கு அடுப்பையே பற்றவைக்காமல் ரொட்டியும் பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வதே பிள்ளைகளோடு இருக்கும் உங்களுக்கு நல்லது.